கைரோபிராக்டிக் மாணவர்களின் செய்முறைத் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் தொழில் கைரோபிராக்டிக். அமெரிக்காவில் அதற்கான டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கும், அல்லது சேர எண்ணியிருக்கும் தமிழ் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றி எவரும் அதிகம் கேட்பதில்லை. படித்து எழுதிவிடலாம் என்ற தைரியம் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு. ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவரின் கழுத்தில் கை வைக்க வேண்டும் என்னும்போதுதான் கலக்கம் தொடங்குகிறது.

ஊரில் சுளுக்கு எடுப்பது போன்ற வேலைதானே இது? அதற்கு ஏன் இத்தனை தேர்வுகள்?

உறவினர் வீட்டு விசேஷங்களில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிய கைரோபிராக்டிக் மாணவர் எவரும் இருக்க மாட்டார். 1895 செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பாமர் என்பவர், ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடப் பராமரிப்புப் பணியாளரின் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்ததாகவும், அதன்பின் அவருடைய காது மந்தம் குறைந்ததாகவும் சொல்லப்படும் நிகழ்விலிருந்து இந்தத் தொழிலின் வரலாறு தொடங்குகிறது. அந்த நிகழ்வுக்குப் பாமர் சொன்ன விளக்கத்தை இன்று அப்படியே ஏற்பவர்கள் குறைவு. ஆனால் அவர் தொடங்கிய பள்ளி வளர்ந்து, இன்று அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரி ஒவ்வொன்றும் குறைந்தது 4,200 மணி நேரம் கற்பிக்க வேண்டிய படிப்பாக மாறியிருக்கிறது. அதில் கணிசமான பகுதி நோயறிதலுக்கும் எக்ஸ்ரே வாசிப்புக்கும் செல்கிறது. எந்த நோயாளியைத் தொடலாம் என்பதைவிட, எவரைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை மாணவர் அறிந்திருக்கிறாரா என்று பார்ப்பதே இத்தேர்வுகளின் முக்கியமான வேலை.

செய்முறைத் தேர்வுகள் எப்போதெல்லாம் வரும்?

முதல் பருவத்திலிருந்தே வரும். தொடக்கத்தில் உடலைத் தொட்டு எலும்புகளை அடையாளம் காட்டும் தேர்வு இருக்கும். அடுத்து எலும்பு, மூட்டு, நரம்புச் சோதனைகளைச் செய்து காட்டுவதும், எக்ஸ்ரே எடுப்பதற்கு நோயாளியை நிறுத்துவதும், கழுத்து, முதுகு, இடுப்பு என ஒவ்வொரு பகுதியையும் கையால் சரிசெய்யும் முறைகளும் (கைமுறைகள்) வரும். கல்லூரியின் நோயாளர் பிரிவுக்குள் நுழைவதற்கு முன் இவை எல்லாவற்றையும் சேர்த்த ஒரு பெரிய தேர்வு உண்டு.

இவை கல்லூரி நடத்துபவை. இவற்றுக்கு மேலே தேசிய அளவிலான தேர்வு வாரியம் ஒன்று இருக்கிறது. 1963-இல் தொடங்கப்பட்டு, கொலராடோ மாநிலத்தின் கிரீலி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நேஷனல் போர்ட் ஆஃப் கைரோபிராக்டிக் எக்ஸாமினர்ஸ் என்பது அதன் பெயர். அதன் முதல் மூன்று பகுதிகள் கணினியில் விடை குறிக்கும் தேர்வுகள். 1996-இல் சேர்க்கப்பட்ட நான்காம் பகுதிதான் செய்முறைத் தேர்வு. எக்ஸ்ரே வாசிப்பு, கைமுறை நுட்பம், நோயாளியை விசாரித்துச் சோதித்து முடிவெடுத்தல் ஆகிய மூன்றையும் அது சோதிக்கிறது. தேர்ச்சி மதிப்பெண் 375 என்பதைக் கேட்டதும் பெற்றோர் 'நூற்றுக்கு எத்தனை?' என்று கேட்பார்கள். அது சதவீதம் அன்று. வினாக்களின் கடினத்துக்கு ஏற்பச் சீராக்கப்பட்ட அளவுகோலில் உள்ள ஒரு புள்ளி.

ஸ்டேஷன் முறை என்கிறார்களே, அது என்ன?

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் மருத்துவ மாணவர்களுக்காக வெளியிட்ட முறை இது. அதற்கு முன் ஒரு மாணவருக்கு எளிய நோயாளியும் இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளியும் கிடைப்பது தலையெழுத்தைப் பொறுத்ததாக இருந்தது. தேர்வாளரின் மனநிலையும் அதில் சேர்ந்துகொண்டது. ஹார்டனின் முறையில் எல்லா மாணவர்களும் ஒரே வரிசையிலான அறைகளையோ தடுப்புகளையோ சுற்றி வருவார்கள்; இவைதான் ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பணியும், ஒரே கால அளவும், ஒரே மதிப்பெண் பட்டியலும் இருக்கும்.

நடைமுறையில் அது இப்படி நடக்கும். நீங்கள் மூடிய கதவின் முன்னே நிற்கிறீர்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: '42 வயதுப் பெண், மூன்று வாரமாக இடுப்பு வலி, இடது காலில் பரவுகிறது, உரிய சோதனைகளைச் செய்க.' மணி அடிக்கும். உள்ளே போனால் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூலையில் தேர்வாளர் அட்டையும் பேனாவுமாக இருப்பார். சில நிமிடங்களில் மீண்டும் மணி அடிக்கும். பாதிச் சொல்லில் இருந்தாலும் வெளியேறி அடுத்த கதவுக்குப் போக வேண்டும். முந்தைய அறையில் விட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டே அடுத்த தாளைப் படிப்பவர்கள் வயதையும் பக்கத்தையும் தவறாகப் படித்துவிடுவார்கள். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தேர்வாளர் எதற்கு மதிப்பெண் போடுகிறார்?

கண்ணால் கண்டதற்கும் காதால் கேட்டதற்கும் மட்டுமே. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்தது போல. மாணவருக்கு உள்ளுக்குள் எல்லாம் தெரிந்திருக்கும். கையும் சரியான இடத்தில் இருக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். தேர்வாளரின் அட்டையில் 'இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்', 'வலி எங்கே என்று கேட்டார்', 'செய்யப் போவதைச் சொல்லி அனுமதி பெற்றார்' என்று வரிகள் இருக்கும். நீங்கள் மனத்துக்குள் ஒப்பிட்டதை அவர் எப்படி அறிவார்? பெரியவர்கள் முன்னே வாய் பேசாமல் வேலையை முடிப்பது மரியாதை என்று வளர்ந்த நமக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் 'இப்போது வலது முழங்கால் அனிச்சையைப் பார்க்கிறேன், இது எல்4 நரம்பு வேரைச் சோதிக்கிறது, இடதுடன் ஒப்பிடுகையில் சமமாக இருக்கிறது' என்று உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். (சி என்பது கழுத்தையும், டி நடுமுதுகையும், எல் கீழ்முதுகையும், எஸ் அதற்கும் கீழே உள்ள அடி எலும்பையும் குறிக்கும்; எண், அந்தப் பகுதியில் மேலிருந்து எத்தனையாவது என்பதைச் சொல்லும்.)

எலும்பைத் தொட்டு அடையாளம் காணும் தேர்வுக்கு எப்படித் தயாராவது? எனக்கு எல்லா முள்ளும் ஒன்றுபோலவே தெரிகிறது.

எல்லோருக்கும் முதல் மாதத்தில் அப்படித்தான் தெரியும். முதுகின் நடுவே விரலை ஓட்டினால் தட்டுப்படும் மேடுகளை, அதாவது முள்ளெலும்புகளின் பின்முனைகளான முட்களை, முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வருவது வீண் வேலை. நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் அதற்குப் பின் எல்லாமே தவறு. அடையாளக் கற்களிலிருந்து தொடங்குங்கள். உட்கார்ந்திருப்பவரின் தோள்பட்டை எலும்பின் கீழ் மூலை ஏறக்குறைய டி7 மட்டத்தில் இருக்கும். அதன் பின்புறத்தில், மேற்பகுதியில் குறுக்காக ஓடும் வரப்பின் உள்முனை டி3-க்கு நேராக வரும். இடுப்பெலும்பின் இரண்டு உச்சிகளையும் இணைத்தால் எல்4-ஐ ஒட்டி வரும். பின்னிடுப்பில் தெரியும் இரண்டு குழிகள் எஸ்2 மட்டத்தைக் காட்டும்.

கழுத்தும் முதுகும் சந்திக்கும் இடம்தான் பலரைக் கவிழ்ப்பது. அங்கே துருத்திக்கொண்டிருக்கும் முள் சி7 என்று பாடப்புத்தகம் சொல்லும். சிலருக்கு டி1 அதைவிட எடுப்பாக இருக்கும். நண்பரை உட்கார வைத்து, துருத்தும் முள்ளின் மேல் ஒரு விரலையும் அதற்கு மேலே உள்ள முள்ளின் மேல் இன்னொரு விரலையும் வைத்துக்கொண்டு, அவருடைய தலையை மெல்லப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். சி6-இன் முள் விரலடியிலிருந்து உள்ளே நழுவிவிடும். சி7 அசையாமல் நிற்கும். அந்த நழுவலை ஒருமுறை விரல் அறிந்துவிட்டால் பிறகு மறக்காது. சைக்கிள் ஓட்டக் கற்றது போலத்தான்.

ஒரே நண்பரின் முதுகில் மட்டும் பழகாதீர்கள். ஒல்லியானவர், பருமனானவர், உடற்பயிற்சி செய்து தசை இறுகியவர், வயதானவர் என்று பத்து முதுகுகளாவது உங்கள் கையில் பட்டிருக்க வேண்டும். தேர்வன்று உங்களுக்குக் கிடைப்பவர் நீங்கள் பழகிய நண்பரைப் போல இருக்கப் போவதில்லை.

தேர்வில் உண்மையாகவே நெட்டி முறித்துக் காட்ட வேண்டுமா?

வேண்டாம். தேசிய வாரியத் தேர்விலும் பெரும்பாலான கல்லூரித் தேர்வுகளிலும் கடைசி உந்தலைக் கொடுக்கக் கூடாது. அதற்கு முந்தைய நிலை வரை கொண்டுவந்து நிறுத்திக்காட்ட வேண்டும். ஒரே நாளில் பல மாணவர்கள் ஒரே நோயாளியின் கழுத்தை உந்தினால் அவர் கதி என்னாவது? 'டப்' என்ற அந்த ஒலியைத்தான் வீடியோக்களில் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். தேர்வாளரோ அந்த ஒலிக்கு முந்தைய நொடி வரை நடந்தவற்றைத்தான் பார்க்கிறார்.

இடுப்புப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறீர்கள். மேல் காலை மடக்கி, அதன் பாதத்தைக் கீழ்க் காலின் முழங்கால் மடிப்பில் வைக்கச் செய்கிறீர்கள். அவருக்கு எதிரே, மேசையை ஒட்டி நின்று, உங்கள் தொடையால் அவருடைய மேல் தொடையைத் தாங்குகிறீர்கள். தலைப்பக்கக் கை அவருடைய தோளைப் பிடித்து நிலைநிறுத்துகிறது. கால்பக்கக் கையின் சுண்டுவிரல் ஓரத்து மணிக்கட்டு எலும்பு, நீங்கள் தேர்ந்த முள்ளெலும்பின் மேட்டில் போய் அமர்கிறது. தோலின் தளர்வை முதலில் இழுத்து எடுத்துவிட்டு, மூட்டு முட்டுகிற வரை அழுத்துகிறீர்கள். பிறகு நிறுத்தி, 'உந்தும் திசை பின்னிருந்து முன்னாக' என்று சொல்கிறீர்கள். நிற்கும் நிலை, தாங்கும் கை, தொடும் இடம், தொடும் கை, தோல் தளர்வு, திசை ஆகிய இவற்றுள் எது விடுபட்டாலும் மதிப்பெண் போகும். தோல் தளர்வை எடுக்க மறப்பவர்கள்தான் அதிகம். அது கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவு என்பதால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

நான் உயரமும் எடையும் குறைந்தவள். பெரிய உடம்புக்காரரை எப்படிக் கையாள்வது?

மேசையின் உயரத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அதைச் செய்யக் கூச்சப்பட்டு, இருக்கும் உயரத்திலேயே எக்கி எக்கி வேலை செய்யும் மாணவியரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மேசை உங்கள் முழங்கால் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் கை வலிமையைவிட உடல் எடையே வேலை செய்யும். நோயாளியை மேசையின் விளிம்புக்கு அருகே, உங்களை நோக்கி நகர்ந்து படுக்கச் சொல்லுங்கள். இவையும் மதிப்பெண் பட்டியலில் உள்ளவையே.

நீங்கள் செய்முறைத் தேர்வில் தவறியதுண்டா?

உண்டு, அதுவும் மிக அழகாக. தாளில் இருந்த குறியீட்டைப் படித்து, நோயாளியைப் படுக்க வைத்து, எல்லா அடிகளையும் வரிசையாகச் சொல்லிச் செய்து முடித்தேன். தேர்வாளர் புன்னகைத்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நான் செய்தது அத்தனையும் சரி; பக்கம் மட்டும் தவறு.

காரணம் இதுதான். முள்ளெலும்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் குறிக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உள்ளன. பாமர், கான்ஸ்டெட் என்னும் இரு கைமுறை மரபுகளின் வழியில் முதுகில் தட்டுப்படும் முள் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதை எழுதுவார்கள். வேறு முறையில் எலும்பின் உடற்பகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை எழுதுவார்கள். உடற்பகுதி இடப்பக்கம் திரும்பினால் பின்னால் உள்ள முள் வலப்பக்கம் போகும். ஆகவே ஒரே நிலையை ஒரு குறியீட்டு முறை 'இடது' என்று சொல்லும், இன்னொரு குறியீட்டு முறை 'வலது' என்று சொல்லும். நான் பழகியது ஒன்று, தாளில் இருந்தது மற்றொன்று. அன்றிலிருந்து குறியீட்டைப் படித்ததும் 'அதாவது, முள் வலப்பக்கம்' என்று முழுச் சொற்றொடராகச் சொல்லிவிட்டே நோயாளியின் பக்கம் திரும்புகிறேன். பத்து நொடி செலவாகும், பரவாயில்லை.

சோதனைகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எப்படி நினைவில் வைப்பது?

லசேக், பிராகார்ட், கெம்ப், ஸ்பர்லிங், யோமன், ஃபாலன், டினல் என்று ஊர்ப்பட்ட பெயர்கள். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வறையில் பாதி பறந்துவிடும். எந்த அமைப்பை இழுக்கிறோம், எதை நெரிக்கிறோம் என்று உடலோடு சேர்த்துப் படியுங்கள்.

லசேக் சோதனையைப் பாருங்கள். மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்துகிறோம். 35 முதல் 70 பாகை வரையிலான இடைவெளியில் முழங்காலுக்குக் கீழே பரவும் வலி வந்தால், இடுப்பு நரம்பு வேர் இழுபடுகிறது என்று சந்தேகிக்கிறோம்; 70-ஐத் தாண்டி இடுப்பில் மட்டும் வலித்தால் மூட்டுகளைப் பற்றி யோசிக்கிறோம். தொடையின் பின்புறம் வெறுமனே இறுக்கமாக இருந்தால் அது தசையாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியவே வலி வந்த இடத்திலிருந்து காலைச் சில பாகை இறக்கி, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்க்கிறோம். அதுதான் பிராகார்ட். தசை தளர்ந்த நிலையிலும் வலி திரும்ப வருகிறது என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே கதையின் இரண்டு வரிகள் என்று தெரிந்தபின் மறப்பது கடினம். சோதனை முடிந்ததும் 'எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது' என்று கேட்க வேண்டும். 'வலிக்கிறதா?' என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தால் பாதி மதிப்பெண்தான்.

எந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது?

கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைப்பது. கார் விபத்துக்குப் பின் கழுத்து வலியோடு வருபவர் இரு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது கழுத்து நிலைகுலைந்திருக்கலாம் என்று எச்சரிக்கும் ரஸ்ட் அடையாளம். கழுத்தை அசைத்துப் பார்க்காமல் எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் அங்கே விடை; எத்தனை அழகாகச் சோதனை செய்தாலும் பயனில்லை. பெரியவர்களின் பக்கவாட்டுக் கழுத்து எக்ஸ்ரேயில் முதல் முள்ளெலும்பின் முன்வளைவுக்கும் இரண்டாம் முள்ளெலும்பின் பல் போன்ற முனைக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், அவற்றைப் பிணைக்கும் தசைநார் அறுந்திருக்கலாம். முடக்குவாதம் உள்ளவர்களிடம் இதைக் குறிப்பாகத் தேட வேண்டும். இடுப்பு வலியோடு வருபவர் சிறுநீர் கழிக்க முடியவில்லை என்றும், உட்காரும் இடம் மரத்துவிட்டது என்றும் சொன்னால் அது அவசர சிகிச்சை. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்தல் ஆகியவற்றைக் கேட்காமல் கழுத்தைத் திருப்பும் கைமுறைக்குப் போகக் கூடாது. தேர்வு அமைப்பவர்கள் இப்படிப்பட்ட நோயாளியை எங்காவது ஓர் அறையில் உட்கார வைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே உள்ளே செல்லுங்கள்.

உடை, நகம், வளையல் போன்றவற்றில் விதிகள் உண்டா?

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். உள்ளங்கைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நகம் தெரியக் கூடாது என்பது நல்ல அளவு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி அணிந்திருப்பவர்கள் அது முன்னால் தொங்கி நோயாளியின் முகத்தில் படாதபடி உடைக்குள் செருகிக்கொள்ளலாம்.

பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் நோயாளியாக இருப்பார்கள். பின்புறம் திறந்த கவுன் அணிய நேரிடும். இது நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமன்று, ஆண்களுக்கும் முதலில் சங்கடமாகவே இருக்கும். தயக்கம் இருந்தால் பருவத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் சொல்லி, தம் பாலினத்தவரைப் பயிற்சித் துணையாகக் கேட்கலாம். கேட்பதில் தவறு இல்லை. ஆனால் பிற்காலத்தில் வரும் நோயாளிகள் இரு பாலராகவும் இருப்பார்கள் என்பதால், தேர்வுக்குள் அந்தக் கூச்சத்தைப் படிப்படியாகக் கடந்துவிடுவது நல்லது.

என் ஆங்கில உச்சரிப்பு தடையாகுமா?

உச்சரிப்பு தடையாவதில்லை, வேகம்தான் தடை. பதற்றத்தில் நாம் பேசும் ஆங்கிலம் எதிரில் இருப்பவருக்குப் புரிவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. தேர்வாளரிடம் மருத்துவச் சொல்லையும், நோயாளியிடம் வீட்டுச் சொல்லையும் பயன்படுத்துங்கள். நோயாளியிடம் 'உங்கள் லம்பார் ஸ்பைனை ஃபிளெக்ஸ் செய்யுங்கள்' என்றால் அவர் விழிப்பார். நடிக்க வந்தவர் வேண்டுமென்றே விழிப்பார். 'கைகளால் கால்விரல்களைத் தொடப் பாருங்கள்' என்பதே போதும்.

கை நடுங்குகிறது, சில்லிட்டுப் போகிறது. என்ன செய்வது?

காத்திருக்கும்போது வெந்நீரில் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். வியர்வை அதிகமென்றால் சிறு துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நோயாளியைத் தொட்டதும் உடனே தேடத் தொடங்காமல், உள்ளங்கை முழுவதையும் முதுகில் அமைதியாக வைத்து ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்கினால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தவறினால் ஆண்டு வீணாகுமா?

கல்லூரித் தேர்வுகளில் பெரும்பாலும் மறுதேர்வு உண்டு. எத்தனை முறை என்பதும் கட்டணமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தேசிய வாரியத் தேர்வில் தவறினால் அடுத்த முறை எழுதலாம். ஆனால் உரிமம் தள்ளிப்போவதால் வேலையில் சேரும் நாளும் தள்ளிப்போகும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துத் தேதிகளைத் திட்டமிட வேண்டும்.

மற்ற நாடுகளிலும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றே, தேர்வை நடத்துபவர் மாறுவார். பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே கல்லூரியின் செய்முறைத் தேர்வுகளே வடிகட்டி. கனடாவில் தனியாக ஒரு தேசியத் தேர்வு வாரியம் இருக்கிறது. மலேசியத் தமிழ் மாணவர்கள் கோலாலம்பூரின் ஐஎம்யூ பல்கலைக்கழகத்திலேயே (முன்னாள் பன்னாட்டு மருத்துவப் பல்கலைக்கழகம்) இப்படிப்பைப் படிக்கலாம். அந்நாட்டின் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் கைரோபிராக்டிக் வருகிறது. ஒரு நாட்டில் படித்து இன்னொரு நாட்டில் தொழில் செய்ய எண்ணுபவர்கள், எந்த நாட்டின் செய்முறைத் தேர்வை எப்போது எழுத வேண்டியிருக்கும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் என்ன படிக்கலாம்?

புத்தகத்தை மூடிவிடுங்கள். மூன்று பேர் சேருங்கள்: ஒருவர் மாணவர், ஒருவர் நோயாளி, ஒருவர் தேர்வாளர். மதிப்பெண் பட்டியலை நீங்களே எழுதி, கைபேசியில் நேரம் வைத்து, மணி அடித்ததும் பாதியில் நிறுத்தி, இடம் மாறுங்கள். தேர்வாளராக உட்கார்ந்து பார்ப்பவருக்கே அதிகம் விளங்கும். நண்பர் சொல்லாமல் விட்டது எது என்று அங்கிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். துணை கிடைக்காத இரவுகளில் தலையணையை ஒருக்களித்துப் படுக்க வைத்து நின்று பழகியவர்களும் உண்டு. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தால் விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள்.